இதயம் செய்வோம், இதயத்தை அறிவோம்
ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கான ஐந்து கைப்பணிகள்



"கொப்பி முழுக்கப் படமா கீறி வச்சிருக்கான் ஐயா, இவன் எங்க படிக்கப் போறான்?" என்று கேட்கிற பெற்றோர் எல்லாத் தோட்டத்திலும் இருக்கிறார்கள். கொப்பி விற்கிற விலையில் இந்தக் கவலை நியாயமானதுதான். என்றாலும் ஒரு விஷயத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்றாம் தரத்திலிருந்து ஐந்தாம் தரம் வரையுள்ள பிள்ளைக்குப் படம் கீறுவதும், கடுதாசி வெட்டுவதும், ஒட்டுவதும் படிப்பின் ஒரு பங்குதான். பென்சில் பிடிக்கிற விரலுக்குப் பலம் வருவது இப்படித்தான். அதோடு, வாயால் சொல்லத் தெரியாத பல காரியங்களைப் பிள்ளை படத்தில் சொல்லிவிடும். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால்தான் அது நமக்கு விளங்கும்.

இந்த முறை பாடத்துக்கு ஒரே ஒரு வடிவத்தை எடுத்திருக்கிறோம். அது இதய வடிவம். "இதென்ன, காதலர் தினத்துக் கார்டில் வருகிற படமா?" என்று சிலர் சிரிக்கலாம். அந்த வடிவம் காதலர்களுக்கு மட்டும் சொந்தமில்லை. தாம்பூலத் தட்டில் வைக்கிற வெற்றிலையிலும், கோயிலடி அரசிலையிலும், சீட்டுக்கட்டிலும் அதே வடிவம்தான் இருக்கிறது. சின்னப் பிள்ளையும் சுலபமாக வெட்டி எடுக்கலாம். அதை வைத்துக் கணக்கும் சொல்லிக் கொடுக்கலாம், உடம்பைப் பற்றியும் சொல்லிக் கொடுக்கலாம்.

மலையில் கொழுந்து எடுத்து, நிறுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து தண்ணி எடுத்து அடுப்பு மூட்டுகிற தாய்மாருக்கு நேரமில்லை என்பது எமக்குத் தெரியும். ஆகவே ஞாயிற்றுக்கிழமையோ போயா நாளோ ஒரு அரை மணித்தியாலம் போதும். இந்த வேலையை அப்பாமாரும் எடுத்துச் செய்யலாம். தாத்தா, அப்பாயி, அம்மாயி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது.

தேவையான சாமான்கள்

காசு கொடுத்து வாங்க வேண்டியது அதிகம் இல்லை. பழைய கலண்டர் தாள், பால்மாப் பெட்டி, பத்திரிகைக் கடுதாசி, எழுதி முடித்த கொப்பியின் மட்டை ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள்.

பசை: ஒரு மேசைக்கரண்டி கோதுமை மாவை ஐந்தாறு கரண்டி பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, சின்ன நெருப்பில் கிண்டுங்கள். கூழ்ப்பதம் வந்ததும் இறக்கி ஆறவிட்டால் பசை தயார். இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும், ஆகவே கொஞ்சமாகச் செய்யுங்கள்.

கலர்: பீட்ரூட்டை அரைத்துப் பிழிந்தால் சிவப்பு. மஞ்சள் தூளைக் கரைத்தால் மஞ்சள். கீரை இலையைக் கசக்கினால் பச்சை. சாயம் இறங்கிய தேத்தண்ணி நல்ல மண்நிறம் தரும். அடுப்புக் கரி கறுப்பு. பீட்ரூட் கலர் நாள் போக மங்கிப் பழுப்பாகிவிடும். அதைப் பிள்ளைக்கு முதலே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் அழும்.

கத்தரிக்கோல்: முனை மழுங்கிய சின்னக் கத்தரிக்கோல் நல்லது. கவ்வாத்துக் கத்தியையும் பிளேடையும் எந்தக் காரணத்துக்காகவும் பிள்ளையின் கையில் கொடுக்க வேண்டாம்.

1. மடித்து வெட்டும் இதயம் (தரம் 1, 2)

ஒரு தாளைச் சரிபாதியாக மடியுங்கள். மடிப்பு இருக்கிற பக்கத்தை ஒட்டி, ஒரு பெரிய காது போலப் பாதி இதயத்தைப் பென்சிலால் கீறச் சொல்லுங்கள். மேலே வளைந்து, கீழே கூராக மடிப்பில் வந்து முடிய வேண்டும். இரண்டு தாளையும் சேர்த்து வெட்டி விரித்தால் முழு இதயம் வந்துவிடும்.

சில பிள்ளைகள் மடிப்பு இல்லாத பக்கத்தில் கீறிவிடும். அப்போது இரண்டு துண்டாகக் கழன்றுவிடும். அதற்குத் திட்ட வேண்டாம். "ஏன் ரெண்டாப் போச்சு?" என்று கேளுங்கள். யோசித்துப் பார்த்து அதுவே மறுபக்கம் மடிப்பில் கீறும்.

ஒரு பாதி மற்றப் பாதிக்குச் சமமாக இருப்பதைச் சமச்சீர் என்று பாடசாலையில் சொல்லிக் கொடுப்பார்கள். வண்ணத்துப்பூச்சியின் இரண்டு சிறகும், நம் முகத்தின் இரண்டு பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். "பாதி" என்ற கணக்கும் இங்கேயே தொடங்குகிறது. பெரியது, நடுத்தரம், சின்னது என மூன்று நான்கு இதயம் வெட்டி, அளவு வரிசையில் நூலில் கோர்த்துத் தொங்கவிடலாம்.

2. இலை இதயம் (தரம் 1 முதல் 3 வரை)

வீட்டைச் சுற்றி இதய வடிவமுள்ள இலைகளைத் தேடச் சொல்லுங்கள். வெற்றிலை, அரசிலை, சேம்பிலை, வத்தாளை இலை என்று நிறையக் கிடைக்கும். வாசலில் அந்தூரியம் வளர்ப்பவர்கள் அந்தப் பூவையும் பார்க்கச் சொல்லலாம். பூ என்று நாம் சொல்கிற அந்தச் சிவப்புப் பகுதி உண்மையில் ஒருவகை இலைதான். நடுவில் திரி மாதிரி நீட்டிக்கொண்டிருப்பதில்தான் பொடிப்பொடியான பூக்கள் இருக்கின்றன.

இலையின் அடிப்பக்கம் மேலே வரும்படி மேசையில் வைத்து, மேலே மெல்லிய தாளைப் போடுங்கள். பென்சிலையோ கலர் பென்சிலையோ சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்த்தால் இலையின் நரம்பு முழுவதும் தாளில் விழும். அதை இதய வடிவில் வெட்டி மட்டையில் ஒட்டலாம்.

இலையின் நரம்பு வழியாகத் தண்ணீரும் சத்தும் போவதைப் போல நம் உடம்பில் இரத்தக் குழாய்கள் வழியாக இரத்தம் ஓடுகிறது என்று சொல்லிக் கொடுங்கள். பெரிய நரம்பிலிருந்து சின்ன நரம்பு பிரிவதைப் பிள்ளை விரலால் தடவிப் பார்க்கட்டும்.

கவனிக்கவும்: சேம்புச் சாறு கையில் பட்டால் அரிக்கும், பெரியவர்கள் பறித்துக் கொடுங்கள். புல்லுக்கு மருந்து அடித்த மலைக்குள் இலை பறிக்கப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது. வேலை முடிந்ததும் சவுக்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும்.

3. நாலு காம்பரா வீடு (தரம் 3 முதல் 5 வரை)

இந்தக் கைப்பணியில் உண்மையான இதயத்தைப் பற்றிப் படிக்கிறோம்.

முதலில் பிள்ளை தன் கையைப் பொத்தித் தாளில் வைத்து, சுற்றிக் கோடு கீறட்டும். பிள்ளையின் இதயமும் ஏறத்தாழ அந்த அளவுதான். அப்பாவின் கையையும் தங்கச்சியின் கையையும் பக்கத்தில் கீறிப் பார்த்தால், ஆள் வளர வளர இதயமும் வளரும் என்பது விளங்கும். அந்த உருவங்களை வெட்டி, சட்டையில் நெஞ்சுக்கு நடுவே, கொஞ்சம் இடது பக்கம் சாய்த்து ஒட்டச் சொல்லுங்கள். இதயம் இருக்கிற இடம் அதுதான்.

அடுத்து ஒரு பெரிய இதயம் கீறி, குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு நாலாகப் பிரியுங்கள். நம் லயத்து வீட்டில் எத்தனை காம்பரா இருக்கிறதோ தெரியாது, இதயம் என்ற வீட்டில் எல்லாருக்கும் நாலு காம்பரா. வலது பக்கத்து இரண்டும் உடம்பெல்லாம் சுற்றி வந்த இரத்தத்தை வாங்கி நுரையீரலுக்கு அனுப்பும். இடது பக்கத்து இரண்டும் நுரையீரலில் இருந்து வருகிற சுத்தமான இரத்தத்தை வாங்கி உடம்புக்கு அனுப்பும். வலது பக்கத்துக்கு நீலமும் இடது பக்கத்துக்குச் சிவப்பும் பூசலாம். அடையாளத்துக்குத்தான் நீலம், உண்மையில் அந்த இரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும். படத்தில் இதயத்தின் வலது பக்கம் நமக்கு இடது கைப் பக்கமாக வரும். எதிரே நிற்கிற ஆளைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

காம்பராக்களுக்குக் கதவும் உண்டு. அவற்றை வால்வு என்பார்கள். மட்டையில் சின்னக் கதவுகள் வெட்டி, ஒரு பக்கம் மட்டும் திறக்கும்படி ஒட்டலாம். இரத்தம் திரும்பி வராமல் இந்தக் கதவுகள் மூடிக்கொள்ளும்போது எழுகிற சத்தம்தான் நெஞ்சுத் துடிப்பு. அதைக் கேட்க ஒரு பத்திரிகைத் தாளைக் குழாயாகச் சுருட்டி, ஒரு முனையை இன்னொரு பிள்ளையின் நெஞ்சிலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். 1816ஆம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு டாக்டர் லெனெக் ஒரு நோயாளியின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்க இப்படித்தான் கடுதாசியைச் சுருட்டினார். டாக்டர்மார் கழுத்தில் மாட்டியிருக்கிற குழாய் அதிலிருந்து வந்ததுதான்.

கடைசியாகக் கணக்கு. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, 30 வினாடிக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி இரண்டால் பெருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரம்ப வகுப்புப் பிள்ளைக்கு நிமிடத்துக்குப் பெரும்பாலும் 70க்கும் 110க்கும் இடையில் வரும். பெரியவர்களுக்கு 60க்கும் 100க்கும் இடையில். வாசலில் ஓடிவிட்டு வந்து மறுபடி எண்ணி, இரண்டு எண்ணையும் இரண்டு தூண் போலக் கீறிக் கலர் பூசட்டும். நிமிடத்துக்கு 70 என்று வைத்தாலே ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வரும். ஐந்தாம் தரப் பிள்ளை பெருக்கிப் பார்க்கட்டும்.

பெற்றோர் கவனத்துக்கு: அந்தக் கதவுகளைக் கெடுக்கிற ஒரு நோய் உண்டு. அதை வாதக் காய்ச்சல் என்பார்கள். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு வரும். நெருக்கமாக ஆட்கள் வாழ்கிற இடங்களில் கூடுதலாகக் காணப்படுவது. ஒருவகைக் கிருமியால் தொண்டை நோவு வந்து, அது ஆறின பிறகு இரண்டு மூன்று கிழமையில் காய்ச்சலோடு முழங்கால், கணுக்கால் என்று மூட்டுகள் மாறி மாறி வீங்கி நோகும். "வளர்ற புள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும்" என்று எண்ணெய் தடவி விட்டுவிடக் கூடாது. தொண்டை நோவோடு காய்ச்சல் வந்தாலே டாக்டரிடம் காட்டுங்கள். கொடுத்த மருந்தை, சுகமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்தாமல் முழுவதும் கொடுங்கள். வாதக் காய்ச்சல் என்று சொல்லிப் பல வருடம் ஊசி போடச் சொன்னால் ஒரு தவணையும் விடக் கூடாது. ஓடி விளையாடும்போது மற்றப் பிள்ளைகளைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்குகிற பிள்ளை, உதடு நீலம் பூக்கிற பிள்ளை இருந்தாலும் உடனே காட்ட வேண்டும்.

4. கூடை இதயம் (தரம் 4, 5)

டென்மார்க் நாட்டில் பிள்ளைகள் நத்தார் காலத்தில் இரண்டு கலர்க் கடுதாசியைப் பின்னி இதய வடிவில் சின்னக் கூடை செய்து, இனிப்புப் போட்டு மரத்தில் தொங்கவிடுவார்கள். இந்த வகையில் இன்றைக்குத் தெரிந்த மிகப் பழைய கூடை, 1860ஆம் ஆண்டளவில் ஹான்ஸ் கிறிஸ்டியன் அன்டர்சன் செய்தது. அழகில்லாத வாத்துக்குஞ்சின் கதையை எழுதியவர் அவர்தான். அவருடைய தகப்பனார் செருப்புத் தைக்கிற தொழிலாளி, தாயார் துணி வெளுக்கிறவர். பதினொரு வயதில் தகப்பனை இழந்தார். பெரிய எழுத்தாளர் ஆன பிறகும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லிக்கொண்டே கத்தரிக்கோலால் கடுதாசியில் உருவம் வெட்டிக் கொடுப்பார். அப்படி அவர் வெட்டியவற்றை இன்றும் அந்த நாட்டில் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். கடுதாசி வெட்டுவது வீண் வேலை என்று சொல்கிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

செய்முறை: இரண்டு கலரில் 21 சென்ரிமீற்றர் நீளம், 7 சென்ரிமீற்றர் அகலமுள்ள துண்டு ஒவ்வொன்று வெட்டுங்கள். ஒன்று சிவப்பு, ஒன்று வெள்ளை என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் நீளவாக்கில் பாதியாக மடித்தால் 10½ சென்ரிமீற்றர் வரும். மடிப்பு இல்லாத முனையைப் பாதி நிலாப்போல வளைத்து வெட்டுங்கள். மடிப்புள்ள முனையிலிருந்து உள்ளே 7½ சென்ரிமீற்றருக்கு, சம இடைவெளியில் இரண்டு வெட்டு வெட்டுங்கள். இப்போது ஒவ்வொன்றிலும் மூன்று பட்டி இருக்கும். ஒவ்வொரு பட்டியும் இரண்டு தாள் கொண்ட வளையம்.

இரண்டு துண்டையும் மூலைமட்டம் போல வையுங்கள். வெள்ளையின் முதலாம் பட்டியைச் சிவப்பின் முதலாம் பட்டிக்கு உள்ளே நுழையுங்கள். பிறகு சிவப்பின் இரண்டாம் பட்டியை அந்த வெள்ளைக்கு உள்ளே நுழையுங்கள். பிறகு வெள்ளை, சிவப்பின் மூன்றாம் பட்டிக்கு உள்ளே போகும். வெள்ளையின் இரண்டாம் பட்டிக்கு எல்லாம் நேர்மாறு. மூன்றாம் பட்டிக்கு முதலாவது போலவே. பின்னி முடித்து விரித்தால் உள்ளே சாமான் போடக்கூடிய கூடை. ஒரு சென்ரிமீற்றர் அகலப் பட்டி ஒட்டினால் கைபிடி ஆகிவிடும்.

முதல் தடவை கடுதாசி கிழியும். பத்திரிகைத் தாளில் பழகிவிட்டுக் கலர்த் தாளில் செய்யலாம். மூங்கில் கூடை பின்னத் தெரிந்த தாத்தா வீட்டில் இருந்தால் அவரிடம் விட்டுவிடுங்கள், "மேலே ஒன்று, கீழே ஒன்று" என்ற கணக்கு அவருக்குக் கைப்பாடம்.

5. மனசு மேப் (தரம் 3 முதல் 5 வரை)

தோட்டத்து ஆபீஸ் சுவரில் மேப் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். மலை மலையாகப் பிரித்து நம்பர் போட்டு, ரோட்டும் ஆறும் காட்டியிருப்பார்கள். அதே மாதிரி ஒரு தாள் நிறையப் பெரிய இதயம் கீறி, தன் மனசுக்கு ஒரு மேப் போடச் சொல்லுங்கள். பிடித்த ஆளுக்கு ஒரு மலை, பிடித்த விளையாட்டுக்கு ஒரு மலை, திருவிழாவுக்கு ஒன்று, பயமான காரியத்துக்கு ஒன்று. எதற்குப் பெரிய இடம், எதற்குச் சின்ன இடம் என்று பிள்ளையே தீர்மானிக்கட்டும். எந்தக் கலர் என்பதும் அதன் விருப்பம்.

மூன்றாம் தரத்துப் பையன் ஒருவன் தன் மேப்பில் பாதிக்கு மேல் ஒரு கைத்தொலைபேசியைக் கீறி வைத்திருந்தான். "பாத்தீங்களா, இந்த வயசிலேயே போன் பைத்தியம்" என்று பெரியப்பா கோபப்பட்டார். நான் பையனிடம் என்ன படம் என்று கேட்டேன். "ராவைக்கு அம்மா இதுலதான் வரும்" என்றான். அவனுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடம். பெரியப்பா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

நம் தோட்டங்களில் தாய் வெளிநாட்டிலும் தகப்பன் கொழும்பிலுமாக, அப்பாயியிடம் வளர்கிற பிள்ளைகள் பலர். "அம்மா இல்லாம இருக்கியா?" என்று கேட்டால் "இருக்கேன்" என்றுதான் சொல்லும். மேப்பில் வேறு கதை இருக்கும். ஆகவே இந்தக் கைப்பணிக்கு மட்டும் சில விதிகள் உண்டு.

"இது என்ன?" என்று கேளுங்கள். நீங்களாக அர்த்தம் சொல்ல வேண்டாம். சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். படத்தைப் பக்கத்து வீட்டாருக்குக் காட்டிச் சிரிக்கக் கூடாது. அப்பா குடித்துவிட்டு வந்து அடிப்பதாகக் கீறியிருந்தால், அதற்காகப் பிள்ளையை அடிப்பது மகா பாவம். அந்தப் படம் வீட்டுப் பெரியவர்களுக்கு வந்த கடிதம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் பிள்ளைக்குத் துன்பம் செய்கிறார் என்று படத்திலோ பேச்சிலோ தெரிந்தால், வகுப்பு டீச்சரிடமோ சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலோ சொல்லுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் சொல்லலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

தாய் தூரத்தில் இருக்கிற பிள்ளையாக இருந்தால், மேப்பைப் போட்டோ எடுத்து அந்தத் தாய்க்கு அனுப்பிவிடுங்கள். கூடை இதயத்தைத் தபாலில் அனுப்பலாம், மடித்தால் தட்டையாகிவிடும்.

முடிவாகச் சில வார்த்தை

செப்டெம்பர் 29 உலக இருதய தினம். ஒக்டோபர் 1 நம் நாட்டில் சிறுவர் தினம். இரண்டுக்கும் இடையில் ஒரு நாளை வைத்து, பிள்ளைகள் செய்தவற்றைப் பாடசாலையிலோ சிறுவர் அபிவிருத்தி நிலையத்திலோ கயிறு கட்டித் தொங்கவிடலாம். முதலாம் இடம், இரண்டாம் இடம் கொடுக்க வேண்டாம். எல்லாப் பிள்ளையின் வேலையும் தொங்கட்டும். மனசு மேப்பை மட்டும் பிள்ளை சம்மதித்தால்தான் தொங்கவிட வேண்டும்.

வெட்டிய இதயம் ஒரு பக்கம் பெரிதாக, ஒரு பக்கம் சின்னதாக வந்துவிட்டது என்று பிள்ளை கவலைப்பட்டால், நம் நெஞ்சுக்குள் இருக்கிற இதயமும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை என்று சொல்லுங்கள். இடது பக்கத்துக் கீழ்க் காம்பராவின் சுவர் மற்றதைவிடத் தடிப்பானது, உடம்பு முழுவதற்கும் இரத்தத்தைத் தள்ளுகிற வேலை அதற்கு இருப்பதால். ஆகவே கோணல் இதயத்தை எறிந்துவிட வேண்டாம். பின்பக்கத்தில் பிள்ளையின் பெயர், தரம், திகதி மூன்றையும் எழுதி, தகரப் பெட்டியில் பிறப்புச் சான்றிதழ் இருக்கிற இடத்தில் வைத்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை முதலாவது கைப்பணியைத் தொடங்கலாம். ஒரு கலண்டர் தாளும் கத்தரிக்கோலும் இருந்தால் போதும்.